கூறு வைத்தவர் கடைசியில் எடுக்கட்டும்

படப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு குடை. குடைக்குக் கீழே புருஷன், பொண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். நாலு பேரும் சிரிக்கிறார்கள். மேலே மழை.

புத்தகத்தை நான்தான் தூக்கிப் பிடித்திருந்தேன். பெரிய புத்தகம். கை வலித்தது.

கரையில் வலை பின்னும் கொட்டகையில் எங்கள் மகளிர் குழுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வாயைத் திறந்தவர் லாத்தா. குழுவில் மூத்தவர். கருவாடு விற்கிறவர்.

“ஏந்தம்பி, இந்தக் குடும்பம் எந்த ஊரு?”

“சும்மா ஒரு படம்தாம்மா” என்றார் கம்பெனித் தம்பி.

“நம்ம பக்கம் இல்ல. நம்ம பக்கம் மழை பேஞ்சா எவன் குடையப் பிடிப்பான்? குடைய மடக்கிப் போட்டுட்டுல்ல நனைவான்.”

கொட்டகையே சிரித்தது. தம்பியும் சிரித்தார். எங்கள் குழுவுக்குக் கடன் கொடுக்கும் கம்பெனியின் ஆள் அவர். அபிராமம் பக்கம். அப்பாவுக்கு மிளகாய் விவசாயம்.

“குடைன்னா பாதுகாப்பும்மா. மழைன்னா கஷ்டம். அப்பிடி எடுத்துக்கணும்.”

“மழை கஷ்டமா? அங்கன ஒங்க அய்யா கம்மாக்கரையில நின்னு வானத்தையே பாத்துக்கிட்டு இருப்பாரு. நீ இங்கன வந்து மழை கஷ்டங்குற. அவருக்குத் தெரியுமா?”

தம்பி அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். சேமிப்பு என்று போட்டு ஒரு பன்றி. முதுகில் ஓட்டை. ஓட்டைக்குள் காசு விழுகிறது.

லாத்தா முக்காட்டை இழுத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். குழுவில் இன்னும் மூன்று முஸ்லிம் பெண்கள் உண்டு. அவர்களும் திரும்பிக்கொண்டார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது. காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துச் சோற்றுப் பருக்கையால் அந்தப் படத்தின் மேல் ஒட்டினேன்.

“அக்கா, அது ஆஃபீஸ் புத்தகம்” என்றார் தம்பி.

“ஆஃபீஸ்ல போயி பிச்சுக்கங்க.”

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கரை ஊர். கரையில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் கொண்டுபோய் விற்கிறேன். குழுவில் வாய் கூடியவள் என்று பெயர். அதனால்தான் கம்பெனி என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டது. பெண்களைக் கூட்ட வேண்டும். புத்தகத்தைக் காட்ட வேண்டும். கூட்டத்துக்கு இவ்வளவு என்று காசு. அன்றுதான் முதல் கூட்டம்.

கூட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. என் நாத்தனார் குழுவில் கடன் கேட்டிருந்தாள். அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். பெரிய விசைப்படகில், லாஞ்சில், கூலிக்குப் போகிறவர். சித்திரை பிறந்தால் தடைக்காலம். இரண்டு மாதம் லாஞ்சு கடலுக்குப் போகாது. கூலியும் கிடையாது. ஆனால் வத்தை என்கிற சின்ன நாட்டுப் படகுகள் போகலாம். லாஞ்சு மீன் வராத நாளில் வத்தை மீனுக்கு நல்ல விலை. அவர்கள் வீட்டில் அப்பா காலத்து வத்தை ஒன்று கிடந்தது. எஞ்சின் இல்லை. தடைக்காலத்துக்கு முன்னால் எஞ்சின் வாங்கி மாட்டிவிட்டால் அவர் சொந்தத் தொழில்காரர். அதற்குத்தான் கடன். ஒருத்தி கடன் எடுத்தால் குழுவே ஜாமீன், எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கடன் தருகிறோம் என்றது கம்பெனி. ஆனால் கடன் தாளோடு இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போட வேண்டுமாம். காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த ஒரு திட்டம். வருஷா வருஷம் கட்ட வேண்டும். குழுவில் கடன் எடுக்கும் எல்லோரும் சேர வேண்டும். அந்தத் திட்டத்தை விளக்கத்தான் படப் புத்தகம்.

மூன்றாவது பக்கத்தில் மாடிப்படி. ஒவ்வொரு படியாக ஒரு பெண் ஏறுகிறாள். உச்சியில் மச்சு வீடு, கார்.

நாத்தனார் எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். “இவ நடுப்படியில நின்னுட்டா?”

“எதுக்கு நிக்கணும்?”

“மூச்சு வாங்குது. காசு இல்ல. ஒரு வருஷம் கட்ட முடியல. என்ன ஆகும்?”

தம்பி விளக்கினார். சரண்டர் என்றார். ஃபண்ட் வேல்யூ என்றார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

காலையில் விற்று மிஞ்சிய காரல் மீன் என் கூடையில் இருந்தது. புத்தகத்தைக் கீழே வைத்தேன். சாக்கை விரித்து மீனைக் கொட்டினேன்.

“தம்பி, இது எங்க நாத்தனா ஒரு வருஷம் கட்டுற காசு. கூறு வைங்க பாப்போம்.”

“நானா?”

“ஒங்க கம்பெனிதான? நீங்கதான் வைக்கணும்.”

கூறு வைப்பது எங்கள் கரை வழக்கம். வலையில் வந்த மீனை, படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று குவியலாகப் பிரிப்போம். அதில் ஒரு முறை உண்டு. யார் கூறு வைக்கிறாரோ அவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். மற்றவர்கள் எடுத்தது போக நிற்கிற குவியல் அவருக்கு. அதனால் எவரும் ஒரு குவியலைப் பெருக்கி ஒரு குவியலைச் சிறுக்க மாட்டார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கரையில் கிடந்தால் தெரிந்துவிடும்.

கம்பெனியும் அப்படித்தான் எடுக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கேட்கக்கூட இல்லை. எங்கள் காசை அவர்கள் பங்கு வைக்கிறார்கள். அப்படியென்றால் கடைசியில் லாபம் வந்த பிறகுதானே அவர்கள் பங்கு? வேறு எப்படி இருக்கும்? இப்படி நினைத்துப் பக்கத்து ஊரில் பலர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

தம்பி சட்டைக் கையை மடித்தார். மீனை வாலில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார்.

“அது செத்து ரொம்ப நேரமாச்சுப்பா” என்றார் லாத்தா. “கடிக்காது.”

“எங்க வீட்டுல மீனு எங்கம்மாதாங்க ஆய்வாக.”

“இன்னைக்கி நீ ஆஞ்சு பாரு.”

அவர் மொத்தக் குவியலிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி ஒரு ஓரமாக வைத்தார். “இது ஆஃபீஸுக்கு. நடத்துற செலவு, கமிஷன்.”

“இருங்க” என்றாள் நாத்தனார். “அதக் கடைசில வைங்க.”

“இல்லக்கா. இதத்தான் மொதல்ல எடுப்பாக.”

“கூறு வைக்கிறது யாரு?”

“கம்பெனி.”

“மொதல்ல எடுக்குறது?”

“கம்பெனி.”

கொட்டகையில் ஒருத்தி “அட” என்றாள்.

தம்பி நிறுத்தவில்லை. அதை நான் சொல்லத்தான் வேண்டும். அவர் நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். கையில் மீன் இருக்கும்போது மழுப்புவது கஷ்டமோ என்னவோ. அடுத்து ஒரு கைப்பிடி எடுத்தார். “இது உயிருக்கு. வீட்டுக்காரருக்கு எதுவும் ஆச்சுன்னா குடும்பத்துக்குப் பெரிய தொகை வரும்.”

“இம்புட்டுத்தானா?” என்று கேட்டேன். சின்னக் குவியல்.

“இதுக்கு இம்புட்டுதாங்க ஆகும்.”

மிச்சம் கிடந்ததை நடுவில் தள்ளினார். “இது மார்க்கெட்டுக்குப் போகும். ஷேரு மாதிரி. கூடலாம், குறையலாம்.”

“அப்ப இது கடல்ல போட்ட வலை” என்றேன்.

“ஆமாக்கா.”

“வந்தா வரும், கிழிஞ்சா கிழியும்.”

“அதேதான்.”

“வலை எங்க காசு. கிழிஞ்சா எங்க நட்டம். வத்தையில கால வைக்காத ஆளு கரையில நின்னு மொதக்கூறு அள்ளிட்டுப் போறாக.”

அந்நேரம் ஒரு காக்கா இறங்கி நடுக்குவியலில் ஒரு மீனைக் கொத்திக்கொண்டு போனது. 

“இது என்ன சார்ஜு தம்பி?” என்றார் லாத்தா.

“வரின்னு வச்சுக்கங்க” என்றார் தம்பி. இந்த முறை அவர்தான் முதலில் சிரித்தார்.

நாத்தனார் சிரிக்கவில்லை. “நான் கேட்டதுக்குப் பதில் வரல. தொடக்கத்துலயே கட்ட முடியாம நின்னுட்டா?”

தம்பி குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையை வைத்து நடுக்குவியலில் பெரும்பகுதியை வழித்து ஆஃபீஸ் குவியலோடு சேர்த்தார். மிச்சம் நின்ற மீனை ஒரு கொட்டாங்கச்சியில் போட்டுவிடலாம்.

“ரொம்ப ஆரம்பத்துலன்னா இப்பிடித்தாங்க. போகப் போகக் கொஞ்சம் தேறும்.”

எங்கள் ஊரில் வருஷம் தவறாமல் கட்டக்கூடிய ஆள் யார்? தடைக்காலம் வரும். புயல் என்பார்கள். படகு பிடிபடும். எங்களுக்கு நின்று நின்றுதான் பிழைப்பு. 

அந்தச் சின்னக் குவியலை நான் மறக்கவில்லை. கடலுக்குப் போகிற ஆண்களை வைத்திருக்கிற வீடுகளில் அது வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். “இது மட்டும் தனியா கிடைக்குமா தம்பி?”

“கிடைக்கும்.”

“அதுக்குப் படம் எங்க? புத்தகத்துல காணமே.”

“அதுக்குப் படம் அடிக்கலைக்கா.” மெதுவாகச் சொன்னார். “அதுல ஆஃபீஸுக்கு ஒண்ணும் நிக்காது.”

அதற்கு மேல் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குழுவில் அங்கேயே முடிவு. கடன் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். மற்றத் தாளில் ஒருவரும் போட மாட்டோம். உயிருக்கு மட்டும் என்ற அந்தச் சின்னத் திட்டத்தில் வேண்டியவர் சேரட்டும். 

தம்பி கை கழுவக் கடலுக்குப் போனார். கழுவிவிட்டு மோந்து பார்த்தார். மறுபடி கழுவினார்.

மறுநாள் மேனேஜர் போன் பண்ணினார்.

“ஏம்மா, ஒனக்கு ஒரு புத்தகம் குடுத்தமா இல்லையா?”

“குடுத்தீக சார்.”

“அதக் காட்டாம மீனக் கொட்டி என்ன காட்டின?”

“புத்தகத்துல இருக்குறதத்தான் காட்டுனோம். கூறு வச்சது ஒங்க ஆளு.”

“கம்பெனி குடுத்த படத்தத் தவிர வேற எதும் காட்டக் கூடாது. பெர்மிஷன் வாங்கணும்.”

“மீனு விக்கிறவ மீனக் கொட்ட யாருகிட்ட சார் பெர்மிஷன் வாங்கணும்?”

போன் வைத்துவிட்டார். அந்த வாரம் கடன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கேட்டால் மேலே போயிருக்கிறது என்றார்கள்.

நாத்தனார் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ராமநாதபுரத்துக் கடையில் எஞ்சினுக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் வேறு ஆளுக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டாராம்.

“மதினி, நீ மீனக் கொட்டுன. எல்லாரும் சிரிச்சீக. என் எஞ்சினுல்ல போகுது.”

“நீதான நடுப்படியில நின்னா என்னன்னு கேட்ட?”

“கேட்டேன். கேக்காம இருந்துருக்கலாம். சித்திர பொறந்தா ஒங்க அண்ணன் வீட்டுல குத்தவச்சு ஒக்காந்துருப்பாரு. ரெண்டு மாசம் உன் காரல வச்சு நான் ஒல வைக்கவா?”

“இப்பப் போயிக்கூட அந்தத் தாள்ல போடலாம். போடு. நான் தடுக்கல.”

அவள் போகவில்லை. படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “போட்டுட்டு, அவுக மொதல்ல அள்ளுறதப் பாத்துக்கிட்டு இருக்கவா? எனக்குத் தெரியாம இருந்தாப் போட்டுருப்பேன்.”

எனக்கும் பயம் இருந்தது. எங்கள் அண்ணனுக்கு எஞ்சின் வராமல் போனால் என் வீட்டுக்காரர் என்னோடு பேச மாட்டார். நாத்தனார் அவர் தங்கச்சி அல்லவா. இருந்தாலும் கொட்டியது கொட்டியதுதான். அள்ளிக் கூடைக்குள் போட்டு ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்ல என்னால் ஆகாது.

அதற்குள் சேதி மற்றக் கரைகளுக்குப் போய்விட்டது. வாருங்கள், எங்களுக்கும் கூறு வைத்துக் காட்டுங்கள் என்று பெண்கள் கூப்பிட்டார்கள். போனேன். மீனுக்குப் பதில் சிப்பியை எடுத்துப் போனேன். பஸ்ஸில் நாறாது. காக்காயும் வராது. எந்தக் கம்பெனியையும் திட்டவில்லை. சேராதே என்று ஒருத்தியிடமும் சொன்னதில்லை. யார் முதலில் எடுக்கிறார், நடுவில் நின்றால் எவ்வளவு நிற்கும், இரண்டையும் கம்பெனி ஆளையே வைத்துக் காட்டச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு உங்கள் இஷ்டம் என்பேன். சேர்ந்தவர்களும் உண்டு. கல்ஃபிலிருந்து மாதம் தவறாமல் பணம் வருகிற வீட்டில் ஒரு பெண் கணக்குப் போட்டுப் பார்த்து, எனக்கு ஒத்து வரும் என்று சேர்ந்தாள். சரி என்றேன்.

மேனேஜர் அட்டையைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார். கழற்றிக் கொடுத்தேன். படப் புத்தகத்தையும் கொடுத்தேன். காலண்டர் தாள் அப்படியே ஒட்டியிருந்தது.

தம்பியைச் சாயல்குடி பக்கம் மாற்றிவிட்டார்கள். அவருக்கு என்னால் வந்த கெடுதல் அது. போன் பண்ணிப் பேசினேன்.

“விடுங்கக்கா. அபிராமத்துக்கு இங்கருந்து பஸ்ஸு இருக்கு” என்றார். “ஆனா இங்கன உப்பளத்து ஆளுக. கூறு வைக்க மீனு இல்ல.”

“உப்பு இருக்குல்ல?”

“சும்மா இருங்கக்கா. என்னைய வீட்டுக்கே அனுப்பிருவாக.”

சித்திரை பிறந்தது. லாஞ்சுகளைக் கரையோரம் கட்டிவிட்டார்கள். கடன் வரவில்லை. 

அப்போதுதான் குழு முழுவதும் பஸ் ஏறி ராமநாதபுரம் ஆஃபீஸுக்குப் போனோம். நாத்தனார்தான் முதலில் புறப்பட்டவள். லாத்தாவுக்கு மூட்டு வலி. மாடிப்படியில் நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறினார். “கார் உண்டா மேல?” என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

மேலே குளிர் மெஷின் ஓடியது. எங்களை உட்காரச் சொன்னார்கள். சுவரில் டிவி. படப் புத்தகம் பழசாகிவிட்டது போல. இப்போது பொம்மைப் படம். ஒரு அணில் கொட்டை சேர்க்கிறது. குழியில் போடுகிறது. மழைக்காலம் வருகிறது. அணில் குடும்பத்தோடு தின்கிறது. பாட்டு வேறு.

“இந்த அணிலு பாதியில சீக்கு வந்து படுத்துட்டா, அந்தக் கொட்டைய யாரு திம்பா?” என்று லாத்தா சத்தமாகக் கேட்டார். கவுன்டருக்கு முன்னால் நின்ற வேறு ஊர்ப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் கையிலும் இரண்டு தாள்.

மேனேஜர் வெளியே வந்தார். களைப்பாக இருந்தார். அவருக்கும் மேலே ஆள் இருப்பார்கள்.

“கூட்டமா வந்து நின்னா வேல நடக்காதும்மா. லோன் பிராசஸ்ல இருக்கு.”

“அந்தத் தாள்ல போட்டாத்தான் லோனா சார்?” நாத்தனார் கேட்டாள்.

“அப்பிடின்னு யாரு சொன்னா?”

“அப்ப இல்லியா?”

“எடுத்தா நல்லது. குடும்பத்துக்குப் பாதுகாப்பு.”

“நல்லதா, கட்டாயமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. கட்டாயம்னா கட்டாயம்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. நாங்க எந்திரிச்சுப் போயிருவோம்.”

மேனேஜர் கவுன்டரைப் பார்த்தார். அங்கே நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் அணில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

“கட்டாயம் இல்ல” என்றார்.

“அந்தா அவுகளுக்கும்?” நாத்தனார் கவுன்டருக்கு முன்னால் நின்ற பெண்ணைக் காட்டினாள்.

மேனேஜர் உள்ளே போய்விட்டார். நாங்கள் எழுந்து போகவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. தூக்குச் சட்டியைத் திறந்தோம். கருவாட்டுக் குழம்பு. குளிர் மெஷின் அந்த வாசத்தை ஆஃபீஸ் முழுக்கக் கொண்டுபோனது. நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. எங்களிடம் இருந்தது அதுதான். கவுன்டர்ப் பிள்ளை ஒருத்தி வந்து, “அத்தை, கொஞ்சம் இருக்கா?” என்று கேட்டு வாங்கிப் போனாள்.

சாயந்திரம் நாங்கள் எழுந்தபோது, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்கள். 

வெள்ளிக்கிழமை போனோம். கேட்டதைவிடக் குறைத்துத்தான் கடன் போட்டிருந்தார்கள். முன்பணம் கொடுத்த எஞ்சின் வேறு ஆளுக்குப் போயிருந்தது. வேறு ஒன்று, இரண்டாம் கை, குறைந்த விலையில் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தடைக்காலத்தில் பத்து நாள் போலப் போய்விட்டது. அந்தப் பத்து நாள் மீன் அவர்களுக்கு நட்டம்தான். அதை யாரும் தரப்போவதில்லை.

கவுன்டரில் தாளை வைத்தார்கள். நாத்தனார் உடனே பேனாவை எடுக்கவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தை நகத்தால் நெருடினாள். அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு தாள்தான்.

கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களும் வரிசையாகப் போட்டோம். லாத்தா கைநாட்டு.

“வா மதினி” என்றாள் நாத்தனார். “எஞ்சின் கடைக்காரன் பூட்டிருவான்.”